செல்வி அக்கா வீட்டுப் பால் பானை

மூன்று வாரம் முன்பு, எங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த செல்வி அக்கா, நத்தம் ரோட்டில் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். பால் திரிந்துவிட்டது. திரிய வைத்தது நான்.

இப்போது எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன்... அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. நிறுத்த மாட்டேனே! சர்க்கரைத் தண்ணீர் கரைசல், சுண்டலில் மாங்காய் போட்டால் கலவை, ஐஸ் உருகினால் இயற்பியல் மாற்றம், தோசை கருகினால் வேதியியல் மாற்றம். யாராவது கேட்டார்களா? கேட்க மாட்டார்கள். “சரி, மாறிருச்சு... வேற தோசை ஊத்து” என்பார் என் வீட்டுக்காரர்.

விசேஷத்தன்று காலையில் முதல் ஆளாகப் போய் நின்றேன். செல்வி அக்கா ஒரு பித்தளைப் பானையை என்னிடம் கொடுத்தார்.

“டீச்சர், செத்த இதை வெளக்கிக் குடுங்க. மேலுக்கு மட்டும் புளி போட்டாப் போதும். உள்ள ஈயம் பூசிருக்கு.”

புது வீட்டில் பாத்திரம் எதுவும் வந்து சேரவில்லை. மோட்டாருக்கு இன்னும் கனெக்‌ஷன் கொடுக்கவில்லை. இருந்தது ஒரு குடம் தண்ணீரும் அதை மொள்ள ஒரு செம்பும்தான். புளியை எதில் ஊறப்போடுவது? அந்தப் பானைக்குள்ளேயே ஊறப்போட்டேன்! அதையே அள்ளி அள்ளி வெளியே தேய்த்தேன். என் சாமர்த்தியம் எனக்கே பிடித்திருந்தது.

கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்குமா? “புளியில ஆசிட் இருக்குல்ல, அது இந்தக் கறுப்போட வினை செஞ்சு அதை எடுத்துரும். இதுக்குப் பேரு வேதியியல் மாற்றம்” என்று சுற்றி நின்ற பெண்களுக்குப் பாடம் நடத்தினேன். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அதற்குள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒரு செம்பு தண்ணீரை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றிக் கொட்டிவிட்டுப் பானையைக் கொடுத்துவிட்டேன்.

பால் சம்பந்தி வீட்டுப் பால். மருமகள் நிவேதாவின் அப்பா தொப்பம்பட்டிப் பக்கத்து விவசாயி. அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான். ஞாயிறு தவறாமல் மகளைப் பார்க்க வருவார். வரும்போது சொந்த மாட்டுப் பால் ஒரு தூக்குவாளி நிறைய வரும். அன்றைக்குக் கேனிலேயே கொண்டுவந்திருந்தார்.

“மருமகளே ஊத்தட்டும்” என்றார் செல்வி அக்கா. நிவேதா செம்பில் மொண்டு ஊற்றினாள். குலவை போடப் பெண்கள் தயாராக நின்றார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கி வழியப்போகிறது என்று எல்லாரும் குனிந்து பார்த்தோம்.

பொங்கவில்லை. ஓரத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. பிறகு மொத்தப் பாலும் கட்டிகட்டியாகப் பிரிந்து, வெளிறிய தண்ணீர் தனியே நின்றது.

செல்வி அக்காவின் நாத்தனார் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. “புதுசா வந்தவ கையிலயா குடுக்கணும்? மொதப் பாலே இப்பிடி ஆயிருச்சே...”

நிவேதா செம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. புளி!

செல்வி அக்கா என் பக்கம் திரும்பினார். எப்படியாவது மருமகளைக் காப்பாற்ற வேண்டும் அவருக்கு. “டீச்சர், ராசி கீசி எல்லாம் ஒண்ணுமில்லன்னு நீங்க சொல்லுங்க. பால் எதுனால திரியும்?”

இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“ராசியெல்லாம் இல்லக்கா. பால் பழசா இருந்திருக்கும். தூரத்துல இருந்து வந்ததுல்ல...”

பின்னால் நின்றிருந்த நிவேதாவின் அப்பா முன்னால் வந்தார். “ஏனுங்க, விடியறதுக்கு முன்னாடி கறந்ததுங்க. நேரா இங்கதான் கொண்டாந்தேனுங்க.” ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சொன்னவர், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கேனை எடுத்து மோந்து பார்த்தேன். ஏதோ பரிசோதனை செய்கிறவள் மாதிரி... இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

கடையில் பாக்கெட் பால் வாங்கிவந்து, எதிர்வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சினார்கள். ஜோராகப் பொங்கியது. எல்லாரும் திரும்பிக் கேனைப் பார்த்தார்கள்.

ஏன் வாயை மூடிக்கொண்டேன்? யாரும் என்னை அடித்திருக்க மாட்டார்கள். சற்றுமுன் புளியில் ஆசிட் இருக்கிறது என்று லெக்சர் அடித்த டீச்சருக்கு, அந்தப் பாலைத் திரியவைத்ததே நான்தான் என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை ஒரு தகப்பனார் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஏழாம் வகுப்பில் வேதியியல் மாற்றத்துக்கு உதாரணம் கேட்டேன். “பால் திரியறது மிஸ்” என்றது ஒரு வாண்டு. வெரி குட் சொல்லக்கூட நிற்காமல் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். ஹாலில் நிவேதாவின் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குவாளியைக் காணோம். என்னைப் பார்த்ததும் எழுந்து, மஞ்சப்பைக்குள் கைவிட்டு இரண்டு பாக்கெட் பாலை எடுத்தார்.

“தேதி பாத்துத்தான் வாங்குனேனுங்க டீச்சர். நீங்களும் ஒருக்கா பாத்துருங்க.”

கிண்டலா? இல்லை. நிஜமாகவே என்னிடம் நீட்டினார். வீட்டில் கறவை மாடு கட்டியிருக்கிற மனுஷர்!

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். புளி ஊறப்போட்டதிலிருந்து கேனை மோந்தது வரை. நிவேதா சமையலறை வாசலில் நின்று கேட்டாள். செல்வி அக்கா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“அன்னைக்கே சொல்லிருந்தா அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டுப் போயிருப்போமே டீச்சர்... இந்தப் புள்ள ஒரு வாரமா அடுப்புப் பக்கம் வரவே பயப்படுது.”

நாத்தனாருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். “அப்பிடியா...” என்றார். மருமகளைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கடைசியில் என்னைச் சமாதானப்படுத்தியவரும் நிவேதாவின் அப்பாதான். “அட, விடுங்க டீச்சர்... பால்தானுங்களே” என்றார். நிவேதா காபி கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். நேற்று ஞாயிறு. ‘சம்பந்தி வந்தாரா’ என்று செல்வி அக்காவிடம் போனில் கேட்டேன்.

வந்தாராம். தேதி பார்த்து வாங்கிய பாக்கெட் பாலோடு.