ஜெக்கரியா பாய் கட்டிய ஈயம்

முத்துப்பேட்டை ஜெக்கரியா பாய் வாயைத் திறந்தால் திட்டாமல் மூடமாட்டார். அந்த மனிதரை நினைக்காமல் எங்கள் வீட்டில் ஒருநாளும் உலை வைத்ததில்லை.

குவைத்தில் ஒரே கம்பெனியில் இருந்தோம். நான் கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்ப்பவன். சிலிண்டர், குழாய், பெல்ட் எல்லாவற்றையும் பழுது பார்த்து, ஆளுக்கு ஏற்றபடி பொருத்தி விடுவது அவர் வேலை. மேலே வந்ததும் எங்களுக்குத்தான் கைகொடுப்பார்கள். பாயை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. நானும்தான் பார்க்கவில்லை, பெரிய யோக்கியன் மாதிரி! யுத்தம் வந்தது, இருவரும் ஊர் திரும்பினோம்.

அப்போதுதான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் அம்மா காத்தாயி பெயருக்கு நில உச்சவரம்பில் எடுத்த ஒரு ஏக்கர் உபரி நிலத்துக்குப் பட்டா கிடைத்திருந்தது. மிராசுதார் கோர்ட்டுக்குப் போய், சங்கம் கொடி பிடித்து, அப்பா ஜெயிலுக்குப் போய், ஆட்சிகள் மாறி மாறிப் பதினெட்டு வருஷம் இழுத்த நிலம். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆயுசு முழுக்க அடுத்தவன் வயலில் நட்ட அம்மா, முதல்முறையாகத் தன் வயலில் சம்பா நட்டாள்.

கதிர் இன்னும் வெளிவராமல் பயிரின் தொண்டைக்குள் இருந்த நேரம், கார்த்திகை மழை கொட்டியது. வடிவாய்க்காலில் அடித்து வந்த பனைமரம் ஒன்று மதகுக் கண்ணில் குறுக்கே சிக்கிக்கொள்ள, தண்ணீர் வடியாமல் பயிர் மூழ்கியது. இன்னும் இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும். முங்கி எடுக்கலாமென்றால் வாய்க்காலில் ஆலைக் கழிவு. முங்கிய இரண்டு பேருக்கு உடம்பெல்லாம் கொப்புளம். நான் பஸ் பிடித்துப் பாயிடம் ஓடினேன்.

“நீ போடுற ரப்பர் சட்டைக்குள்ள அந்தக் கழிவுத் தண்ணி பூந்துடும். வெந்து போவ. டிரை சூட்தான் வேணும்” என்றார். கழுத்து முதல் பாதம் வரை ஒரு சொட்டு நீர் புகாத உடை அது; தலைக்கும் கைக்கும் தனி உறை உண்டு. நாகப்பட்டினத்தில் படகுகளின் அடிப்பாகம் பார்க்கும் வேலைக்காக ஒன்று வைத்திருந்தார். நான் அதைப் போட்டதே இல்லை.

மதகுக்கரையில் வைத்து என்னைப் பொம்மை மாதிரித் திருப்பித் திருப்பிப் பொருத்தினார். சூட்டுக்குள் காற்று அடைக்க சிலிண்டரிலிருந்து தனிக் குழாய். நெஞ்சிலுள்ள காற்றுப் பொத்தானையும் தோளில் காற்று வெளியேறும் வால்வையும் மறைத்த பட்டைகளை நகர்த்தினார். உள்ளே காற்று நிற்பதால் மிதக்குமென்று இடுப்பில் கூடுதலாக ஈயக்கட்டிகள் கோத்தார்.

எல்லாம் சரி. ஆனால் எங்கள் ஊர்க்காரன் மதகடியில் தலைகீழாகத்தான் முங்குவான். கை முதலில் போய்த் துழாவ வேண்டும். சின்ன வயதுப் பழக்கம், நானும் அப்படியே பாய்ந்தேன். சூட்டிலிருந்த காற்றெல்லாம் காலுக்கு ஏறிவிட்டது. இரண்டு காலும் பூசணிக்காயாக உப்பி மேலே நிற்க, தலை சேற்றுக்குள் மாட்டிக்கொண்டது. தோள் வால்வு கீழே கிடந்தால் காற்று எப்படிப் போகும்? செத்தேன் என்றே நினைத்தேன். பாய் என் உடம்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்.

கரையில் சிலர் சிரித்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “இனிமே எறங்கமாட்டேன் பாய்!”

வழக்கமாக என்னைக் கழுதையென்பவர், அன்று மெதுவாகச் சொன்னார்: “தப்பு எம்மேலதான். இந்த ஊரு ஆளு எப்புடி முங்குவான்னு நான் கேட்டிருக்கணும்.”

இடுப்பிலிருந்து நான்கு ஈயக்கட்டிகளைக் கழற்றி, சைக்கிள் டியூபைக் கீறி, கணுக்காலுக்கு இரண்டாகக் கட்டினார். “காத்த வெளிய விட்டுட்டுக் கால முதல்ல எறக்கு. அடியில போயிக் குந்து. அப்பறமாக் கையால துழாவு. கயிறு எங்கிட்டதான் இருக்கு.”

இறங்கினேன். கால் நின்றது. மரத்தில் சங்கிலி மாட்டிவிட்டு நான் கரையேறிய பிறகு டிராக்டர் இழுத்தது. தண்ணீர் இரைந்துகொண்டு ஓடியது. மறுநாள் மத்தியானம் பயிரின் தலை தெரிந்தது. வரப்பில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தையில் அறுத்தோம். முதல் மரக்கால் நெல் காளியம்மனுக்கு என்பதுதான் எங்கள் வழக்கம். அம்மா அதை அரிசியாக்கித் தூக்கிக்கொண்டு முத்துப்பேட்டை பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன்.

பாய் பதறினார். “சாமிக்குக் குடுக்காம எனக்கு எதுக்கும்மா?”

“சாமிக்கு அடுத்த மரக்கா. கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். எங்க வூட்டுக்காரரு இந்த நெல்லப் பாக்காமப் போயிட்டாரு. நான் பாத்துட்டேன். புள்ளையையும் பாத்துட்டேன். அது உங்களாலதாங்க.”

பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்: “சைத்தூன், இதையே இப்ப ஒலையில போடு. அம்மாவும் நம்மளோட ஒக்காந்து சாப்புடட்டும்.”

மிராசுதார் வீட்டுக் கொல்லையில் கையேந்திச் சோறு வாங்கியே பழகியவள் என் அம்மா. தன் வயல் அரிசியை அவள் முதன்முதலில் சாப்பிட்டது பாய் வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்துதான்.