சிரட்டை நெருப்பும் கரண்டு கம்பெனியும்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனாலும் எங்கள் ஊருக்கு வர இருந்த கரண்டு கம்பெனியை விரட்டியவள் நான்தான். அந்தப் பெருமையை இன்றைக்கும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் மிளகாய்க் காடு. ஆத்தாவுக்கு அவள் அய்யா கொடுத்தது. அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அங்கேதான் நிலக்கரியை எரித்துக் கரண்டு எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் ஊரில் அப்போது ஒரு பல்புகூடக் கிடையாது. சாம்பல் பறந்து வந்து ஊருணியில் விழும், மிளகாய் வெளுத்துப் போகும் என்றார்கள். ஜீப்பில் ஆட்கள் வந்து காட்டை அளந்து குச்சி அடித்தார்கள். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், குச்சியைப் பிடுங்கினார்கள். மறுநாளே புதுக்குச்சி நின்றது.

கடைசியில் என் சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். விலை போகாத மிளகாய் வத்தலை இரண்டு சாக்கு, காட்டின் ஊர்ப்பக்கத்து ஓரத்தில் குவித்துக் கொளுத்துவது. காலையில் காற்று ஊரிலிருந்து கடலுக்கு அடிக்கும், உச்சிக்குமேல் திரும்பிவிடும். அளக்கிறவர்கள் காலையில்தான் வருவார்கள், கடலோரம் நிற்பார்கள். மற்றதை நெடி பார்த்துக்கொள்ளும்.

தேங்காய்ச் சிரட்டையில் கங்கு வைத்துக்கொண்டு குவியல் பக்கத்தில் காத்திருக்கும் வேலை எனக்கு. என் வயசுச் சோட்டுப் பிள்ளைகள் பொறாமையில் என்னோடு பேசவே இல்லை.

அன்றைக்கென்று ஜீப்பைக் காணவில்லை. வெயில் ஏறியது. கங்கு அணையாமல் ஊதி ஊதி எனக்குக் கன்னம் வலித்தது. "இனிமே வரமாட்டாய்ங்க" என்று சித்தப்பா சாப்பிடப் போனார். அவர் போன கையோடு புழுதி கிளம்பியது. ஜீப்! நேரே கடலோரம் போய் நின்றது. ஆத்தா குறுக்கே ஓடிப்போய் அங்கே அடித்திருந்த குச்சி பக்கத்தில் நின்றுகொண்டாள். ஊரே ஓடிவந்து என் பின்னால் கூடியது. கங்கைக் குவியலில் கொட்டினேன்.

"காத்து திரும்பிருச்சு புள்ள, வைக்காத!" என்று சித்தப்பா கத்தியது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது.

எழும்பிய புகை ஒரு சுற்றுச் சுற்றி எங்கள்மேலேயே பாய்ந்தது. தும்மலும் இருமலும் கண்ணீருமாக ஊர் மொத்தமும் துடித்தது.

"ஏலே, எவன்டா இவ கையில நெருப்பக் குடுத்தது?"

"ஊரையே தாளிச்சுப்புட்டாளே பாதகத்தி!"

கடலோரம் நின்ற ஆபீசர் திகைத்துப் போனார். ஆணும் பெண்ணும் ஓவென்று கண்ணீர் விட்டால் அவர் வேறு என்ன நினைப்பார்? "ஊரே இப்படி அழுவுதேய்யா" என்றாராம்; தொப்பியைக் கழற்றினார். ஆத்தாவிடம் என்னவோ கேட்டார், அவள் என்னவோ சொன்னாள். பிறகு அளக்கிற டேப்பைச் சுருட்டச் சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த ஜீப் அப்புறம் வரவே இல்லை.

அடிக்க ஓடிவந்த சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார். நான் இறங்கி ஆத்தாவிடம் ஓடினேன். அவள் முகமும் நனைந்திருந்தது.

"ஒனக்குமா நெடி, ஆத்தா?"

"ஆமாடி, பாழாப்போன நெடி" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நான் அடித்த நெடி அங்கன வரைக்கும் போயிருக்கிறதே என்று எனக்கு ஒரே பெருமை. அவள் பக்கத்திலேயே நின்ற ஜீப்காரர்கள் ஒரு தும்மல்கூடப் போடவில்லை என்பது, நான் பிள்ளை பெற்ற பிறகுதான் உறைத்தது.