இரண்டு இல்லை என்று வந்த ரிப்போர்ட்

நம் அன்பியச் செபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தவர்கள் எல்லாரும் கண்ணீரோடும் பணிவோடும் செபித்ததாகச் சொன்னார்கள். நான் அப்படிச் செபிக்கவில்லை. நான் சண்டை போட்டேன். ஆண்டவரோடும் போட்டேன், கூடப் பிறந்தவளோடும் போட்டேன். அதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அது சாட்சி ஆகாது.

என்னை உங்களுக்குத் தெரியும். செலின். இரணியல் சந்தையில் மீன் விற்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதத்தில், வெளிக்குப் போகும்போது ரத்தம் கண்டது. மூலம் என்று நினைத்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தே விற்கிறவளுக்கு மூலம் வராமல் என்ன வரும்? இரண்டு மாதம் நாட்டு மருந்து சாப்பிட்டேன். ஒரு நாள் சந்தையில் அயலை மீனை எடுத்துக் கொடுக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தேன். நாகர்கோவிலில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டி. புற்றுநோய்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. முதலில் என் அக்கா ரோசம்மா மேல் வந்தது.

அதற்குக் காரணம் உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மைக்கும் இதேபோல ரத்தம் போனது. அப்போது நான் கொச்சியில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே விசைப்படகில் வேலை பார்த்தார். ரோசம்மாதான் அம்மையோடு இருந்தாள். டாக்டர் சோதனை செய்ய வேண்டும் என்று சொன்னபிறகும், அம்மையை மலைப்பக்கம் ஒரு செப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது நாள் தங்கினாள். மருந்து எடுத்தால் அவிசுவாசம் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் வந்து சேரும்போது அம்மை பெட்டியில் இருந்தாள். கல்லறைத் தோட்டத்தில், ஊர் பார்க்க, ரோசம்மாவைப் பார்த்து நீதான் அம்மையைக் கொன்றாய் என்று சொன்னேன். அதன்பிறகு பேசவில்லை. மூன்று தெரு தள்ளித்தான் அவள் வீடு. பூசையில் அவள் வலப்பக்கம் இருந்தால் நான் இடப்பக்கம் போவேன். என் பாத்திரத்தில் கடைசி மீன் கிடந்து நாறினாலும் அவளுக்கு விற்க மாட்டேன்.

ஆவணியில் அறுவை நடந்தது. குடலில் ஒரு முழ நீளத்தை வெட்டி எடுத்தார்கள். பார்க்க வந்தவர்களை எல்லாம் வெறுத்தேன். ஒருத்தி கருவாடு தின்றதால் வந்தது என்றாள். இன்னொருத்தி இது குடும்பச் சாபம் என்றாள். மூன்றாம் நாள் ரோசம்மா வந்தாள். கையில் மந்திரித்த எண்ணெய்க் குப்பி. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அம்மைக்குத் தேச்ச எண்ணெயா?" என்று கேட்டேன்.

அவள் குப்பியோடு திரும்பிப் போனாள். அன்றைக்கு எனக்கு அது இனிப்பாக இருந்தது. தையல் வலித்தாலும் சிரித்தேன்.

எனக்கு அறுவை செய்த டாக்டர் அம்மா மார்த்தாண்டத்துக்காரி. கறாரானவள், ஆனால் விளக்கிச் சொல்லுவாள். கட்டி குடல் சுவரைத் தாண்டவில்லை, பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் பரவவில்லை என்றாள். இரண்டாம் நிலையாம். இனி கீமோ வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க, வெட்டிய சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது எழுத்துப் பிழைபோலத் தவறுகள் வரும். அவற்றைத் திருத்துவதற்கு நான்கு புரதங்கள் உண்டு. கட்டிக்குள் அந்த நான்கும் இருக்கிறதா என்று பார்த்தால், நோய் இனி எந்த வழிக்குப் போகும், நான் எவ்வளவு காலம் நன்றாக இருப்பேன் என்று ஓரளவு சொல்லலாம் என்றாள்.

எனக்கு மண்டையில் ஏறியது ஒன்றுதான். நான்கு இருக்க வேண்டும்.

ரிப்போர்ட் வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும், மத்தியானம் கோயிலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சிலுவைக்கு முன்னால் போய் நின்றேன். முழங்காலில் நிற்க வயிறு விடவில்லை. நின்றபடியே கேட்டேன். என் அம்மையை எடுத்தீர். நான் கேட்கவில்லை. எனக்கு இந்த நோயைக் கொடுத்தீர். அதையும் வாங்கிக்கொண்டேன். இப்போது நான்கு புரதமும் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் இந்தப் படி ஏறமாட்டேன். இதுதான் என் செபம். தினமும் அதே நேரம், அதே சொற்கள்.

ரிப்போர்ட் வந்தது. நான்கில் இரண்டு இல்லை.

என் மகள் ஷைனிதான் வாசித்தாள். டாக்டர் அம்மா வருவதற்கு முன்பே உறையைப் பிரித்துவிட்டோம். கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றி ஷைனியின் பைக்குள் போட்டேன். இனி இது எனக்கு வேண்டாம் என்றேன்.

பிறகு டாக்டர் அம்மா வந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னத்துக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கிய? இது ஒங்களுக்கு நல்ல சேதிலா."

அவள் சொன்னதை என்னால் முடிந்த அளவு சொல்லுகிறேன். திருத்துகிற புரதம் இல்லாத கட்டியில் தவறுகள் குவிந்துபோகும். குவிந்துபோவதால் உடம்பின் காவல் அதை அந்நியன் என்று சீக்கிரம் கண்டுபிடித்து எதிர்க்கும். அதனால் என்னைப்போல இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்கு, இந்தப் புரதங்கள் இல்லாவிட்டால்தான் பிழைத்திருக்கும் வாய்ப்பு கூடுதல். வழக்கமாகக் கொடுக்கிற கீமோ இந்த வகைக்குப் பெரிய பிரயோசனமும் இல்லை. அது வேண்டாம், ஒழுங்காக வந்து பரிசோதித்தால் போதும். உறுதி யாராலும் தர முடியாது, ஆனால் நம்பலாம் என்றாள்.

நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்திருந்தால் எனக்குக் கெடுதலாக இருந்திருக்கும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அதை விளங்கிக்கொண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் அம்மா அதோடு நிறுத்தவில்லை. இல்லாமல் போன அந்த இரண்டும் சேர்ந்து இல்லாமல் போனால், அது பெரும்பாலும் பெற்றவர் வழியில் வருவது என்றாள். கார்த்திகையில் ரத்தச் சோதனையும் அதையே சொன்னது. அம்மைக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும். கூடப்பிறந்தவர்கள் உடனே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், தாமதிக்காமல் சொல்லுங்கள் என்றாள்.

எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான்.

நான் சொல்லவில்லை.

இதைத்தான் இங்கே சொல்ல வந்தேன். அடுத்த தடவை போனபோது டாக்டர் அம்மா கேட்டாள். சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன். கோயிலில் நின்று ஆண்டவரிடம், நான் அவள் வீட்டுப் படியில் ஏறமாட்டேன், வேண்டுமென்றால் நீரே சொல்லும் என்றேன். கிறிஸ்மஸ் வந்தது, போனது. நான் கேக் வெட்டினேன். அவளும் மூன்று தெரு தள்ளி வெட்டியிருப்பாள்.

தவக்காலத்தில் ஒரு நாள், சந்தையில் என் பக்கத்தில் இருந்து விற்கிற பிலோமி, நெத்திலியை அள்ளிக்கொண்டே சொன்னாள், உன் அக்காள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போயிருக்கிறது, இரண்டு ஞாயிறாகப் பூசைக்கும் காணோம் என்று. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குக் கை நின்றுபோனது. விழுவதற்கு முன்னால் என் முகமும் அப்படித்தான் இருந்தது. பாத்திரத்தைப் பிலோமியிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

மன்னிக்கப் போகவில்லை. பயந்துபோய்ப் போனேன். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. ரோசம்மா அடுக்களையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு ரத்தம் போவுதா?" என்றேன்.

"ஒனக்கென்ன? யாரு சொன்னா?"

"எத்தன நாளா போவுது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கிறிஸ்மசுக்கு முந்தி இருந்து."

ஆஸ்பத்திரிக்குப் போனியா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். நான் கத்தினேன். அம்மையைக் கொன்றது போதாதா, இனி உன்னையும் கொல்லப் போகிறாயா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

ரோசம்மா அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "நான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போனா, அம்மைய அப்பவே கொண்டு போயிருக்கணும்னு ஆயிரும்லா. அது எனக்குத் தாங்காது, செலின். அதுக்கு இந்த நோவே பரவாயில்ல."

இத்தனை வருஷமாக அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வர வேண்டும் என்று காத்திருந்தேன். வந்தபோது எனக்கு ஒரு சுகமும் இல்லை. அவள் கிறிஸ்மசுக்கு முந்தி என்று சொன்னது மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குக் கார்த்திகையிலேயே தெரியும். அவள் அம்மையை நாற்பது நாள் வைத்திருந்தாள். நான் இவளை நான்கு மாதம் வைத்திருந்தேன். அவளாவது குணமாகும் என்று நம்பி வைத்திருந்தாள்.

"இது அம்ம வழி ரத்தத்துல வந்தது," என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் பிழைச்சிருப்பாளாண்ணு சொல்ல முடியாதுண்ணு டாக்டரம்மா சொன்னா. நீ கொண்டு போவாதது தப்புதான். ஆனா நோவ நீ கொடுக்கல்ல. எனக்கு இது மொதல்லயே தெரியும், ஒங்கிட்ட சொல்லல்ல. எழும்பு, சேலைய மாத்து. ஆட்டோ நிக்குது."

திட்டுவாள் என்று நினைத்தேன். எழும்புவதற்குக் கையை நீட்டினாள்.

அவளுக்குக் கட்டி மூன்றாம் நிலையில் இருந்தது. பக்கத்து முடிச்சுகளுக்குப் போயிருந்தது. அறுவை செய்து, கீமோ கொடுத்தார்கள். அவள் கட்டியிலும் அதே இரண்டு இல்லை, ஆனாலும் முடிச்சுவரை போனதால் கீமோ வேண்டும் என்றாள் டாக்டர் அம்மா. ஊசி போட்ட நாட்களில் அவள் வாந்தி எடுத்த பாத்திரத்தை நான்தான் கழுவினேன். கழுவும்போதும் சண்டை போட்டோம். கஞ்சியில் உப்பு இல்லை என்பாள். நாக்கு செத்தவளுக்கு உப்பு எதற்கு என்பேன். போன மாதச் சோதனையில் இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அவள் இங்கேதான் இருக்கிறாள், அந்தத் தூண் பக்கத்தில். நான் சொல்வதில் பாதி தப்பு என்று பிறகு உங்களிடம் சொல்லுவாள்.

ஷைனிக்கும் ரத்தம் பார்த்தோம். அம்மை வழி வந்த அந்தக் குறை அவளிடமும் இருக்கிறது. அன்றைக்கு மறுபடியும் கோயிலில் போய்ச் சண்டை போட்டேன். இப்போதும் முழுக்கச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறாள். அம்மைக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அதற்காக நன்றி சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் எனக்குச் செவி கொடுத்தார் என்று நான் நம்புகிறேன். நான் கேட்டதைக் கொடுக்காமல் கொடுத்தார். நீரே சொல்லும் என்று நான் தள்ளிவிட்ட வேலையை, பிலோமி வாயால் என் தலையிலேயே திருப்பி வைத்தார். உங்களுக்குப் பணிவாகச் செபிக்க வரவில்லை என்றால் பரவாயில்லை, கோபத்தோடே போங்கள், அவர் கேட்பார். ஆனால் ரத்தம் கண்டால் வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். பதினோரு மணிக்குள் மீன் தீர்ந்துவிடும். நான் கூட வருகிறேன்.