குகைக்குள் நின்றவன்

இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலால் காலையில் உளுந்தூர்பேட்டைக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது.

பக்கத்து சீட்டுக்காரர் போனை என் பக்கம் நீட்டினார். "இன்னா போட்டோ பாருங்க! நம்ம கள்ளக்குறிச்சி ஆளு எடுத்ததுங்க."

கேரள எல்லையில் கைவிடப்பட்ட பழைய ரயில் குகை. இருட்டுக்கு நடுவே டார்ச்சோடு ஓர் ஆள். போன வாரம் நான் எடுத்த படம். கீழே என் நண்பன் செல்வத்தின் பெயர்.

"நடுவுல நிக்கிறது யாருங்க?" என்று கேட்டேன்.

"எடுத்தவருதான்."

"அங்க நின்னுக்கினு எப்டிங்க எடுத்தாரு?"

கொஞ்சம் யோசித்தார். "கில்லாடிங்க!"

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"டைமர் வச்சி நானே எடுத்தேன்னு போட்டுட்டேன் மச்சான். யாரனா கேட்டா நீயும் அப்பிடியே சொல்லிடு."

ரயில் வராத ஊரிலிருந்து, ரயில் போகாத குகையைப் பார்க்க அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவன் நான். அவன் டார்ச் பிடித்து நிற்க, வௌவால் எச்சத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தவனும் நான்தான்.

மூன்று தடவை துவைத்தும் சட்டை நாறுகிறது. என்ன போட்டால் போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செல்வம் மட்டும் சொல்ல வேண்டாம். அவன் சட்டையில் எதுவும் படவில்லை.