சாவியை எடுத்த பின்னும் ஓடிய எஞ்சின்

எலப்புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் லாரி வந்து நிற்கும். என் வீட்டுக்காரர் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். எஞ்சின் மட்டும் நிற்காது. சாவி இல்லாமல், உள்ளே ஆள் இல்லாமல், பானெட் குலுங்க அது பாட்டுக்கு ஓடும். கடைசியில் இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமி இருமுவது போல இருமிவிட்டு அடங்கும்.

அந்த இருமல்தான் என்னைப் படுத்தியது. என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் அந்த வண்டியை வாங்கிப் பல வருஷம் ஓட்டியவர். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று அப்படித்தான் இருமுவார். தம்பி பெண்டாட்டி நான் எதிரில் இருந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் எஞ்சின் இப்படி ஆனது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அது இருமினால் என் கை தானாக முந்தானைக்குப் போகும். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

அவருடைய மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் எங்களோடு இருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு வாசற்படிக்கு வந்து, எஞ்சின் ஓடி ஓயும்வரை நிற்பாள். என் வீட்டுக்காரரும் வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்பார். பொழுது சாயும் நேரத்தில் அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் உள்ளே போய் விளக்கேற்றுவேன்.

பெட்ரோல் விலை கண்டபடி ஏறியிருந்த சமயம் அது. லாரி வைத்திருந்த பலரும் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக்கொண்டார்கள். எங்களுடையதை இன்னொரு தடவை பழுது பார்ப்பதா, ஒரேயடியாக மாற்றுவதா என்று கேட்க, கஞ்சிக்கோட்டிலிருந்து மெக்கானிக்கை நான்தான் வரச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்ற, மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிய துளைகளில் ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார்.

"அமுக்கமே இல்லீங்க. ரெண்டு வாட்டி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணியாச்சு, இன்னிச் சொரண்டறதுக்கு உள்ள ஒண்ணுமில்ல. ஏத்தத்துல நின்னாக்கூடப் பரவால்லீங்க. எறக்கத்துல கியர்ல போட்டா எஞ்சின்தான் வண்டியைப் புடிக்கோணும். இது புடிக்காதுங்க. பிரேக்கை மட்டும் நம்பி மறையூர் எறக்கம் எறங்க முடியுமுங்களா?"

என் வீட்டுக்காரர் மூணாறு எஸ்டேட்டுகளுக்கு உர மூட்டை ஏற்றிப் போய், தேயிலைப் பெட்டிகளோடு அந்த இறக்கத்தில்தான் இறங்குவார். இவரோ "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

"சாவியை எடுத்தாலும் ஓடுதே, அது ஏனுங்க?" என்று மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"உள்ள கரி புடிச்சு, நெருப்புக் கங்காட்டம் இருக்குமுங்க. அதுலயே பெட்ரோல் பத்திக்கும். பிரேக்கை மிதிச்சு, டாப் கியர்ல போட்டு கிளச்சை விட்டா ஒரே உதறல்ல நின்னுரும். உங்கூட்டுக்காரரு வழியில எல்லாம் அப்படித்தானுங்க நிறுத்தறாரு."

வழியில் நிறுத்துகிறவர் வாசலில் மட்டும் ஏன் ஓட விடுகிறார்? அக்காவுக்காகத்தான் என்று நினைத்தேன். வண்டியில் பாதி அவளுடையது. அவள் வேண்டாம் என்றால் எஞ்சினைத் தொட முடியாது. செத்தவருக்காக உயிரோடு இருக்கிறவரைப் பறிகொடுப்பதா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. இவர் மலைக்குப் போயிருந்த ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"எஞ்சினை மாத்த உங்களுக்கு இஷ்டமில்லீங்களாக்கா?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்கென்ன புள்ள? கரி புடிச்சா ஓடும்னு எனக்குத் தெரியாதா? உங்கூட்டுக்காரருதான் அண்ணன் வந்துட்டாருன்னு நம்பிட்டு நிக்கறாரு. அவரு மனசு நோகக்கூடாதுன்னு நானும் வந்து நிக்கறேன்."

இத்தனை நாள் அவளைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் வண்டி வந்தது. சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் வீசியது. இவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ஒரு வளைவுல புடிக்கல" என்று மட்டும் சொன்னார். சாவி இவர் கையில் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று அது அடங்கவே இல்லை. இவர் குடிக்க நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

அக்கா வாசற்படியில் நிற்காமல் நேரே போய் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது களத்தில் வண்டியை முன்னே பின்னே நகர்த்த அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். அதற்கு ஊரே சிரித்தது. என்ன செய்யப் போகிறாளோ என்று பயந்து நானும் ஓடிப்போய் வண்டிப் படியில் ஏறினேன்.

"தம்பி, தள்ளி நில்லுங்க" என்று இவரிடம் சொன்னாள். பிரேக்கை மிதித்தாள். கியரைப் போட்டாள். கிளச்சை மட்டும் விடவில்லை. ஸ்டியரிங்கின் மேல் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "போங்க" என்றாள்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். வெறுமனே போங்க என்று எந்தப் பெண்ணும் புருஷனிடம் சொல்ல மாட்டாள். கரி என்று என்னிடம் அவள் சொன்னது பொய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளச்சை விட்டாள். வண்டி ஒரு தடவை தூக்கிப் போட, எஞ்சின் நின்றது.

"நாளைக்கே டீசல் வெச்சிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.