உப்புத் தராசு

போன மாதம் சென்னை விமான நிலையத்தில் என் பெட்டி ஒரு கிலோ கூடிவிட்டது. கவுண்டரில் இருந்த பெண், "ஒரு கிலோ ஜாஸ்தி சார், எதையாவது எடுத்துடுங்க" என்றாள். அறுபது தாண்டியவன் கூட்டத்துக்கு நடுவே குத்துக்காலிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது, மருமகனுக்காக ஆம்பூரில் வாங்கிய ஷூ. பதனிட்ட தோலின் வாசனை குப்பென்று ஏறியதும், கழுத்தில் பழைய நீல டை வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

எண்பதுகளில் வேலூருக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன கம்பெனியின் விமானம் தினம் ஒரு தடவை சென்னைக்குப் பறந்தது. (தினம் என்றா சொன்னேன்? பாதி நாள் ஓடுபாதையோடு சரி.) பதினாறு இருக்கை. டிக்கெட் எழுதுவது, பெட்டி தூக்குவது, ஓடுபாதையில் மேயும் ஆடுகளை விரட்டுவது எல்லாம் நான்தான். 'டை கட்டின ஆட்டுக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் இருந்த அப்பாவுக்கு இன்னும் பெரிய குறை. "தண்டவாளமே இல்லாத வண்டிய எப்பிட்றா நம்பற?" என்பார்.

சின்ன விமானம் என்பதால் பெட்டியோடு ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுவோம். எடையைச் சத்தமாகச் சொன்னால் மனிதர்களுக்குக் கோபம் வரும். அதனால் சீட்டில் எழுதி மடித்துக்கொள்வேன். பாரம் கூடினால் கடைசியாக வந்தவர் இறங்கிவிட வேண்டும். அந்தச் சட்டத்தை நான் கலெக்டர் தோரணையில் நடத்தி வைப்பேன்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தராசு பழுதாகி, ஆம்பூரில் ஒரு தோல் மண்டியிலிருந்து இரவல் வாங்கி வந்தோம். கெடாமலிருக்க உப்புத் தடவிய பச்சைத் தோல் நிறுத்த தராசு. பயணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறி நிற்பார்கள். வாணியம்பாடி வியாபாரிகள் மட்டும் பொத்த மாட்டார்கள். அவர்களுக்குச் சோறு போடும் வாசனை அல்லவா.

தராசு வந்த இரண்டாவது வாரம், பஸ்கள் ஓடாத ஒரு காலையில், கடைசியாக மூச்சிரைக்க வந்தவர் கிரேஸ் என்ற நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் பதினொரு மணிக்குச் சென்னையில் இன்டர்வியூ. எல்லாரையும் நிறுத்துக் கூட்டினால் நாற்பது கிலோ கூடுதல்.

"சிஸ்டர், நீங்க எறங்கிக்கணும்."

"அண்ணே, இன்னைக்கு உட்டா எனக்கு வேற நாள் கெடையாது. வீட்ல நாலு பேரு என்னை நம்பி இருக்காங்க."

சத்தம் போடவில்லை. கண் மட்டும் கலங்கியது. நான் சட்டத்தைச் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற தோல் வியாபாரி பாய் ஒருவர், தன் சாம்பிள் கட்டைத் தட்டினார். "இத்த இருபதுன்னு எழுதிக்கிறியே, இன்னா கணக்கு தம்பி? பதினெட்டுக்கு மேல ஏறாது. நாப்பது வருஷமா தோல் தூக்கற கை இது." சொல்லிக்கொண்டே குனிந்து தராசுப் பலகையைக் கழற்றித் திருப்பினார். தோலிலிருந்து உதிர்ந்த உப்பு அடியில் அடையாக அப்பி, மழை ஈரத்தைக் குடித்துக் கனத்திருந்தது. "மண்டில தினம் காலைல இத்த சொரண்டிட்டுத்தான் கல்லு வைப்போம். காலித் தராச பாக்கவே மாட்டியா நீ?"

பார்த்ததே இல்லை. ஆளுக்கு இரண்டு கிலோ, பெட்டிக்கு இரண்டு கிலோ என்று உப்பையும் சேர்த்து நிறுத்திருக்கிறேன். சுரண்டிவிட்டு மறுபடி நிறுத்தோம். எல்லாரும் ஏறினார்கள். கிரேஸுக்கு வேலை கிடைத்தது. கடல் கடக்கும் முன் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனார். நானே விமானத்தை ஓட்டிக் கொண்டுபோய் விட்டவன் மாதிரி ஊரெல்லாம் இந்தக் கதையைச் சொல்லித் திரிந்தேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு முந்தின வாரம், அதே தராசில் நிறுத்து, கடைசியாக வந்த ஒருவரை இறக்கி அனுப்பினேன். ஆற்காட்டுப் பக்கம் கலவை என்ற ஊர்க்காரர். கையில் துணி சுற்றிய டிபன் கேரியர். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க நடந்தார். யாருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

கம்பெனி சில வருஷத்தில் மூடிவிட்டது. தராசு மண்டிக்கே திரும்பியது, மண்டியும் இப்போது இல்லை. டிக்கெட் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரர் அள்ளிக்கொண்டு போனார். அதில் எங்கோ அந்தக் கலவைக்காரரின் பெயர் இருந்தது, என் கையாலேயே கோடு போட்டு அடித்த பெயர். அவர் எடை அறுபத்தொன்று என்று எழுதியது நன்றாக நினைவிருக்கிறது. அதுவும் தப்பு, ஐம்பத்தொன்பதுதான் இருந்திருப்பார். பெயர்தான் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.