இடப்பக்கப் பின்சில்லு

இவர் கண்ணை மூடின பிறகு வான் முற்றத்திலை சும்மா நிண்டது. தென்பக்கத்துக் கடையை மூடிப்போட்டு ஊர்காவற்றுறைக்குத் திரும்பின கையோடை என்ரை மனுசன் வாங்கின பழைய வான். உள்ளுக்கை கட்டிலும் சின்னக் குசினியும் அடிச்சுவிச்சவர். திருவிழா எண்டு போற ஊரெல்லாம் அதுக்குள்ளைதான் எங்கட நித்திரை.

"வித்துப்போடுங்கோ அம்மா, உங்களாலை ஏலாது" எண்டு கனடாவிலை இருக்கிற மகன் ஓயாமல் ஃபோன். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான் தனிய யாழ்ப்பாணம் ஓடிப் போய் வந்தால் நீ வாயை மூடுவியோ?" எண்டன். ஓம் எண்டான். ஏலாமல் போனால் வான் விலைப்படும். அதுதான் பேச்சு.

எந்தச் சில்லுக்கு எவ்வளவு காத்து எண்டு இவருக்குத்தான் தெரியும். கதவிலை ஒட்டியிருக்கிற கணக்கு, கட்டில் ஏற முந்தின வெறும் வானுக்கு. அவர் ரயருக்குக் குறுக்காலை வெண்கட்டியாலை கோடு கீறிப்போட்டுக் கொஞ்சத் தூரம் ஓடிப் பாப்பார். நடு மட்டும் அழிஞ்சால் காத்துக் கூட. ஓரம் மட்டும் அழிஞ்சால் பாரத்துக்குக் காத்துக் காணாது. கோடு முழுக்க அழியவேணும். "ரயருக்குத் திருநீறு பூசி முடிஞ்சுதோ?" எண்டு நக்கலடிப்பன். "நீர் நிம்மதியாய்ப் படுக்கத்தானே இவ்வளவும்" எண்டு சிரிப்பார்.

நானும் கீறினன். இடப்பக்கப் பின்சில்லு அவர் படுக்கிற பக்கம். இனி அங்கை ஆர் படுக்கிறது எண்டு, ரயர் கடைத் தம்பியிட்டைச் சொல்லி அதுக்குக் காத்தைக் குறைச்சன். வேலணைப் பக்கம் ஓடி இறங்கிப் பாத்தன். மற்ற மூண்டிலையும் கோடு இல்லை. அந்தச் சில்லிலை மட்டும் ரெண்டு ஓரமும் அழிஞ்சு, நடுக்கோடு பளிச்செண்டு நிக்குது. மேலை ஆரோ படுத்திருக்கிற பாரம்.

ஐயோ! திரும்பக் கீறி ஓடினன். திரும்பவும் அதே. பின்னுக்குப் பாக்கிற கண்ணாடிக்குள்ளை கட்டில் திரைச்சீலை அசையுது. ஆள் இருந்தாலும் பயம், இல்லாட்டிலும் பயம். "இஞ்சாருங்கோ, வந்தனீங்களோ?" எண்டு வாய்விட்டுக் கேட்டே போட்டன். வெளியிலை சோளகக் காத்து இரைஞ்சுகொண்டு கிடந்தது.

வானை ஓரங்கட்டிப்போட்டுப் போய்க் கட்டில் பலகையைத் தூக்கினன். அவர் படுக்கிற பக்கம் முழுக்கத் தண்ணிக் கான்கள். சாட்டிக் கிணத்து நல்ல தண்ணி. எங்கட வீட்டுக் கிணறு சவர், அதிலை போட்ட தேத்தண்ணி எனக்குத் தொண்டையாலை இறங்காது. தீவுச் சனம் நல்ல தண்ணியைக் கண்டால் விடாது, கண்ட கண்ட பாத்திரமெல்லாம் நிரப்பும். இந்த மனுசன் ஆசுப்பத்திரிக்குப் போக முந்தி நிரப்பி வைச்சுப்போட்டு, ஒரு சொல்லுச் சொல்லேல்லை.

பலகையைப் பிடிச்சபடி குந்தியிருந்து அழுதன். எவ்வளவு நாளையத் தண்ணி, குடிக்கேலாது. ஒவ்வொண்டாய்ப் பனையடியிலை ஊத்திப்போட்டு மறுபடி கீறி ஓடினன்.

எல்லாக் கோடும் முழுக்க அழிஞ்சிருந்தது. குறைச்ச காத்துச் சரி. அங்கை ஆரும் இல்லை எண்டதும் சரி. என்னாலை அதைப் பாத்துக்கொண்டு நிக்க ஏலேல்லை.

நேரை சாட்டிக்குப் போனன். கான்களைக் கழுவி, கழுத்து முட்ட நிரப்பி, அவர் படுக்கிற பக்கத்திலையே அடுக்கிக் கட்டினன். திரும்பி வந்த என்னை ரயர் கடைத் தம்பி ஒருமாதிரிப் பாத்தார். "அந்தச் சில்லுக்குக் கூட்டிவிடும் தம்பி" எண்டன். கோடு அழியுமட்டும் கூட்டினம். பிறகு யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டன். மண்டைதீவு தாண்டி நடுக்கடல் பாதையிலை சோளகம் பக்கவாட்டிலை அடிச்சும் வான் அசையேல்லை.

போய் வந்து, அண்டைக்குப் பின்னேரமே மகனுக்குச் சொன்னன். "சரி அம்மா, விக்க வேண்டாம்" எண்டவன், பிறகு கேட்டான்: "உண்மையாய்த் தனியத்தானே போனீங்கள்?"

ஓம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை.